ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறவர்களின் செல்பேசிக் கேள்விகள்

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் விசாவுக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக நிற்பது சிம் கார்டு. ஊரில் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை இங்கே ஏன் நாள்கணக்கில் இழுக்கிறது என்று பலர் திகைத்துப் போகிறார்கள். சிக்னலில் சிக்கல் ஒன்றும் பெரிதாக இல்லை. சிக்கல் எல்லாம் பெயரிலும் முகவரியிலும் கையெழுத்திலும்தான். புதிதாக வருகிறவர்களோடு கடைக்கும் தபால் நிலையத்துக்கும் அலைந்து பழகியவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஜெர்மன் எண் வாங்கிவிட முடியுமா?

முயற்சி செய்யலாம், அவசியம் இல்லை. உங்களுக்கு முதலில் தேவைப்படுவது எண் அல்ல, இணையம். வரைபடம் பார்க்க, வீட்டு உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப, அம்மாவுக்கு "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் டேட்டா போதும். பயண இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) ஒன்றை ஊரிலேயே வாங்கிப் போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பெரும்பாலான பயண இ-சிம்களில் அழைப்புக்கான எண் இருக்காது. வாட்ஸ்அப் உங்கள் இந்திய எண்ணிலேயே ஓடும் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியாது. உங்கள் இந்திய நிறுவனத்தின் சர்வதேச ரோமிங் திட்டத்தைச் சில நாளுக்கு எடுத்தாலும் சரிதான், விலை மட்டும் கூடுதல்.

ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் கிடைக்குமா?

கிடைக்கும், நகரத்தில் விற்பதைவிட அதிக விலைக்கு. அவசரம் இருந்தால் ஒழிய வேண்டாம்.

ப்ரீபெய்டா, ஒப்பந்தமா?

முதல் ஆண்டு ப்ரீபெய்ட். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் 24 மாதம். புதுப் போனைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், முதல் சில மாதம் பாதிக் கட்டணம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் போனுக்குக் கடை விலையையும் தாண்டிக் கொடுத்திருப்போம். அதைவிடப் பெரிய இடர், நீங்கள் அடுத்த ஆண்டு எந்த ஊரில், எந்த நாட்டில் இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. படிப்பு பிடிக்காமல் பல்கலைக்கழகம் மாறுகிறவர்கள், வேலை கிடைத்து நெதர்லாந்து போகிறவர்கள் எல்லாரும் 24 மாதத்தை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள்.

முன்பு நிலைமை இன்னும் மோசம். சரியான நேரத்தில் ரத்துக் கடிதம் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு ஆண்டு நீளும். 2021 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் அதை மாற்றியது. இப்போது முதல் காலம் முடிந்தபின் ஒரு மாத அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் முதல் 24 மாதம் முதல் 24 மாதம்தான்.

ப்ரீபெய்டில் ஆல்டி, லிடில் போன்ற மளிகைச் சங்கிலிகளே சொந்தப் பெயரில் சிம் விற்கின்றன. பால், ரொட்டி வாங்கும் இடத்தில் பணம் கட்டும் வரிசைக்கு அருகிலேயே சிம் உறை தொங்கும். ஏறக்குறைய 10 யூரோவுக்குள் ஒரு மாணவருக்குப் போதுமான டேட்டாவும், ஜெர்மனிக்குள் அளவற்ற அழைப்பும் கிடைத்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: பல திட்டங்கள் "நான்கு வாரம்" என்றுதான் சொல்லும், "ஒரு மாதம்" என்று சொல்லாது. 28 நாள் ரீசார்ஜ் வித்தை நமக்குப் புதிதா என்ன? ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் வங்கிக் கணக்கு திறந்த பிறகு மூன்றாவது வழி ஒன்று உண்டு: மாதந்தோறும் ரத்து செய்யக்கூடிய ஒப்பந்தம், போன் இல்லாமல் சிம் மட்டும். ப்ரீபெய்டைவிட மலிவாகவே பல நேரம் கிடைக்கும்.

எந்த நெட்வொர்க் நல்லது?

பெரிய மூன்று: டாய்ச்சே டெலிகாம், வோடஃபோன், ஓ2. நான்காவதாக ஐன்ஸ் உண்ட் ஐன்ஸ் 2023 இறுதியில் சொந்தச் செல்பேசி நெட்வொர்க்கைத் தொடங்கியது. தன் கோபுரம் இல்லாத இடத்தில் அடுத்தவர் கோபுரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கிராமப்புறத்தில் டெலிகாம் முன்னணியில் நிற்கிறது, விலையிலும் அப்படியே. பெரிய நகரத்தில் வசிக்கிறவருக்கு மூன்றுக்கும் இடையே அன்றாடத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.

மளிகைக் கடை சிம்களுக்குச் சொந்தக் கோபுரம் இல்லை. ஆல்டி டாக் ஓ2 நெட்வொர்க்கில் ஓடுகிறது, லிடில் கனெக்ட் வோடஃபோனில். காங்ஸ்டார் டெலிகாமின் துணை நிறுவனம். ஆகவே பெயரைப் பார்க்காமல், பின்னால் எந்தக் கோபுரம் என்று பாருங்கள். நீங்கள் குடியேறும் தெருவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைக் கேட்பது எந்த விளம்பர வரைபடத்தையும்விட மேல்.

ஒரு சிறு இடைச்செருகல்: இங்கே எங்கும் விற்கும் லெபாரா, லைகாமொபைல் இரண்டுமே ஈழத் தமிழர் தொடங்கியவை. லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூவர் 2001இல் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர்கள் பெயர்களின் தொடக்கங்களைக் கோத்து வைத்த பெயர்தான் லெபாரா. லைகா, சென்னையில் படம் எடுக்கும் அதே லைகா. வெளிநாட்டுக்கு மலிவாகப் பேச வைப்பதுதான் இந்த நிறுவனங்களின் அடித்தளம். யாழ்ப்பாணத்தில் தரைவழித் தொலைபேசியை மட்டும் எடுக்கும் பாட்டி இருக்கிறவர்களுக்கு அது இன்றும் உதவும்.

சிம் வாங்கிப் போட்டாயிற்று. ஏன் வேலை செய்யவில்லை?

அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை. 2017 ஜூலை 1 முதல் ப்ரீபெய்ட் சிம்முக்கும் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் அடையாள ஆவணத்தோடு சரிபார்த்த பிறகே உயிர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மளிகைக் கடையில் உறையை மட்டும் விற்பார்கள், சரிபார்ப்பு உங்கள் பொறுப்பு.

மூன்று வழிகள். ஒன்று, வீடியோ அழைப்பு: எதிரில் ஓர் ஊழியர் பாஸ்போர்ட்டைச் சாய்க்கச் சொல்வார், திருப்பச் சொல்வார், விளக்கொளியில் மின்னும் முத்திரையைக் காட்டச் சொல்வார். கை நடுங்கினால் "இன்னொரு முறை". சில நிறுவனங்களின் வீடியோ முறை இந்தியப் பாஸ்போர்ட்டை ஏற்பதே இல்லை; வரிசையில் காத்திருந்து இணைப்பு கிடைத்தபின்தான் அது தெரியவரும். இரண்டு, தபால் நிலையம்: நிறுவனம் தரும் படிவத்தை அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு போனால் ஊழியர் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மூன்று, நெட்வொர்க்கின் சொந்தக் கடை: வாங்கும் இடத்திலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்து முடித்துவிடுவார்கள். விலை சற்றுக் கூடினாலும் வந்த முதல் வாரத்தில் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. படிவம் விடமாட்டேன் என்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் தனிச் சொத்து இந்தச் சிக்கல். பஞ்சாபிக்கோ குஜராத்திக்கோ இது புரியாது. "மு. முத்துக்குமார்" என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் முத்துக்குமார், குடும்பப் பெயர் என்ற இடத்தில் வெற்றிடம். ஜெர்மன் படிவத்தில் இரண்டு பெட்டியும் கட்டாயம்.

இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்கிறார்கள். ஒருவர் இரண்டு பெட்டியிலும் முத்துக்குமார் என்று எழுதுகிறார், இன்னொருவர் கோடு போடுகிறார், வேறொருவர் அப்பா பெயரை இட்டு நிரப்புகிறார். எது சரி என்பதைவிட எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வங்கியில் ஒரு வடிவம், சிம்மில் ஒரு வடிவம், நகராட்சி முகவரிப் பதிவில் ஒரு வடிவம் என்றால், வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் எடுக்கும்போதும் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போதும் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வரும். நகராட்சி உங்கள் பெயரை எப்படி எழுதிக் கொடுக்கிறதோ அதையே மூல வடிவமாகக் கொண்டு மற்ற இடங்களிலும் எழுதுங்கள். அதற்கு முன் சிம் வாங்க வேண்டியிருந்தால் கடைக்கே நேரில் போங்கள். கணினி மறுப்பதை மனிதர் தீர்த்து வைப்பார்.

இன்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துப் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நிரந்தரத் தீர்வு. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுக்கிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: அதன்பின் இந்த நாட்டில் உங்களை எல்லாரும் திருவாளர் சுப்பிரமணியன் என்று அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். கடன் கேட்டு வரும் கடிதம் உட்பட.

நகராட்சியில் முகவரிப் பதிவு இன்னும் முடியவில்லை. சிம் கிடைக்குமா?

ப்ரீபெய்டுக்குப் பொதுவாகக் கிடைக்கும். முகவரி கேட்பார்கள், பதிவுச் சான்று கேட்பது அரிது. ஒப்பந்தத்துக்குச் சான்றும் ஜெர்மன் வங்கிக் கணக்கும் வேண்டும்.

ஆனால் சிம் தபாலில் வரும் என்றால் வேறொன்று இருக்கிறது. ஜெர்மன் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பார்ப்பது கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டியில் ஒட்டிய பெயரை. அதில் உங்கள் பெயர் இல்லை என்றால், தெருவும் கட்டடமும் சரியாக இருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும். நண்பர் அறையில் தங்கியிருக்கிறீர்களா? அவர் அனுமதியோடு ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் பிறகு ஆர்டர் செய்யுங்கள். முகவரியில் அவர் பெயரையும் "இவர் மூலம்" என்று பொருள்படும் c/o என்ற குறியோடு சேர்த்து எழுதலாம். சிம் மட்டுமல்ல, வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் இதே வழியில்தான் வரும்.

போனை அணைத்துப் போட்டால் ஏதோ நான்கு இலக்க எண் கேட்கிறது.

சிம்மின் ரகசிய எண். ஊரில் அது பெரும்பாலும் செயலில் இருக்காது, இங்கே இருக்கும். சிம் பதித்து வந்த அந்தப் பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்டிருப்பார்கள், சில அட்டைகளில் சுரண்டிப் பார்க்க வேண்டும். மூன்று முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு அதே அட்டையில் உள்ள எட்டு இலக்கத் திறப்பு எண் தேவை. அதையும் 10 முறை தவறவிட்டால் சிம் செத்தது. அட்டையைக் குப்பையில் போடாதீர்கள், வீட்டில் வைத்துப் படம் எடுத்து வேறிடத்திலும் வையுங்கள்.

இந்தியாவில் வாங்கிய போன் இங்கே ஓடுமா?

ஓடும். விலையுயர்ந்தவற்றில் கவலையே வேண்டாம். விலை குறைந்த சில இந்திய மாடல்களில் ஒன்றை மட்டும் பாருங்கள்: 4ஜி அலைவரிசைப் பட்டியலில் பேண்ட் 20 இருக்கிறதா? ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இந்த அலைவரிசை கிராமங்களையும் கட்டடங்களின் உட்பகுதியையும் எட்டுவதற்கு முக்கியமானது. இந்தியாவில் பயன்பாட்டில் இல்லாததால் சில நிறுவனங்கள் இந்தியப் பதிப்பில் அதை விட்டுவிடுகின்றன. 3ஜி இங்கே 2021லேயே மூடப்பட்டுவிட்டது, ஆகவே 4ஜி சரியில்லை என்றால் போன் நேராக 2ஜிக்கு இறங்கும். பேசலாம், வேறொன்றும் நடக்காது.

ஒரு கடையில் ஏற்கெனவே பதிவு செய்த சிம் தருகிறார்கள். எந்த ஆவணமும் வேண்டாமாம்.

வாங்காதீர்கள். யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் எண் அது. நாளை அந்த எண்ணோடு உங்கள் வங்கிச் செயலியையும் வீசா அலுவலக முன்பதிவையும் இணைத்த பிறகு சிம் முடக்கப்பட்டால், "இது என் எண்" என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. அந்த எண்ணை அதற்கு முன் யார் எதற்குப் பயன்படுத்தினார் என்பதும் தெரியாது.

கடையில் பேச்சுக்கு மயங்கி 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் அல்லவா?

இணையத்திலோ தொலைபேசியிலோ, தெருவில் மடக்கியோ வீட்டு வாசலுக்கு வந்தோ பேசிக் கையெழுத்து வாங்கியிருந்தால், ஆம், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். கடைக்குள் நீங்களாகப் போய்க் கையெழுத்துப் போட்டதற்கு அந்தச் சட்ட உரிமை கிடையாது. கடைக்காரர் பெருந்தன்மையாக விட்டால் உண்டு. அங்காடி வளாகத்தில் சிரித்த முகத்தோடு, சில நேரம் இந்தியிலேயே பேசி உட்கார வைப்பார்கள். தட்டுத் திரையில் நீங்கள் போடும் கையெழுத்து எதற்கு என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "அடையாளச் சரிபார்ப்புக்கு" என்று சொல்லி வாங்கிய கையெழுத்தில் கைக்கடிகாரத்துக்கான இன்னொரு சிம் ஒப்பந்தமும் சேர்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கம் ஒன்றை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய் மொழிபெயர்ப்புச் செயலியில் படித்துவிட்டு மறுநாள் வாருங்கள். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்றால் இன்னும் நல்லது, வராமலே இருந்துவிடலாம்.

ரத்து செய்வதற்கு, இணையத்தில் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ரத்துப் பொத்தான் வைத்தாக வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் சட்டம். அழுத்தியபின் வரும் உறுதிச் செய்தியைச் சேமித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "ரத்து செய்துவிட்டோம்" என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

முதலில் நினைவூட்டல் கடிதம், கட்டணம் கூட்டி. பிறகு வசூல் நிறுவனத்தின் கடிதம், இன்னும் கூட்டி. 20 யூரோ பாக்கி சில மாதத்தில் பல மடங்காகும். அதோடு ஷூஃபா என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்தின் ஏட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அது ஏறலாம். வீடு வாடகைக்குக் கேட்கும்போது உரிமையாளர்கள் பார்க்கும் சான்று அந்த ஏட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு சிம் பாக்கி ஒரு வீட்டைத் தடுக்கும் நாடு இது. புதிதாக வந்தவர் பற்றி அந்த ஏட்டில் எதுவுமே இருக்காது என்பதால்தான் வந்தவுடன் ஒப்பந்தம் கேட்டால் சில நிறுவனங்கள் மறுக்கின்றன. மறுப்பை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்திய எண்ணை விட்டுவிடலாமா?

விடவே கூடாது. ஜெர்மன் சிம் போனால் மறுநாள் இன்னொன்று வாங்கலாம். இந்திய எண் போனால் வங்கி, ஆதார், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு எல்லாவற்றின் கதவும் ஒரே நேரத்தில் மூடும். ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டு எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. ஓடிபி வேண்டுமென்றால் இந்திய எண் வேண்டும்.

எண் உயிரோடு இருப்பதும் ஓடிபி வருவதும் வேறு வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் கொண்டுவந்த விதி. இதை நம்பி "20 ரூபாய் போட்டு வைத்தால் போதும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண் உங்கள் பெயரில் நிற்கும், சரி; ஆனால் ரீசார்ஜ் காலாவதியான பிறகு உள்ளே வரும் செய்திகளும் நின்றுபோகும், ஓடிபி வராது. ஆகவே எப்போதும் ஒரு திட்டம் நடப்பில் இருக்க வேண்டும். டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டம் விற்றே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதே உத்தரவில் இத்தகைய சிறப்புத் திட்டங்களின் அதிகபட்சக் காலத்தை 365 நாளாகவும் உயர்த்தியது. நமக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம்.

கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்திவிடுங்கள். வந்தபின் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, உள்வரும் அழைப்பை எடுத்தால் உண்டு. கடன் வேண்டுமா என்று கேட்டு வரும் அழைப்பை நடுராத்திரியில் எடுத்துவிட்டுக் காசையும் இழக்காதீர்கள்.

இரண்டு சிம்மில் எது இ-சிம், எது அட்டை? இந்திய எண் அட்டையாக இருக்கட்டும், ஜெர்மன் எண் இ-சிம்மாக இருக்கட்டும். போன் உடைந்தால் அட்டையை எடுத்து இன்னொரு போனில் செருகிவிடலாம். இந்திய இ-சிம்மை வெளிநாட்டிலிருந்து புதுப் போனுக்கு மாற்றுவது, அதுவும் பழைய போன் செத்த நிலையில், பெரும் அவதி.

இந்திய சிம் இங்கே தொலைந்துவிட்டால்?

அந்த எண் யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் பிள்ளைகளின் சிம் அப்பா பெயரில்தான் இருக்கும், பள்ளி நாளில் வாங்கியது. அப்படியென்றால் அப்பா கடைக்குப் போய் மாற்று சிம் வாங்கிவிடலாம்; அதன்பின் ஓடிபிக்கு அவரை எழுப்ப வேண்டும். உங்கள் பெயரில் இருந்தால் அடையாளச் சரிபார்ப்புக்கு நீங்களே நேரில் வேண்டும், அதாவது அடுத்த விடுமுறை வரை எண் இல்லை. எப்படியானாலும் மாற்று சிம் போட்ட முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்த கட்டுப்பாடு அது. அவசரப் பணப் பரிமாற்றத்தை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

யுபிஐ?

வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதித்த 10 நாடுகளில் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சில உண்டு, ஜெர்மனி இல்லை. ஆகவே இந்திய எண்ணிலேயே ஓட்ட வேண்டும். செயலியைப் புதுப் போனில் நிறுவினால் அது சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தானாக அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். ரோமிங்கில் அந்தச் செய்திக்குக் காசு உண்டு, போகாமல் திணறுவதும் உண்டு. புதுப் போன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஊரில் இருக்கும்போதே வாங்கிச் செயலிகளைக் கட்டி முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். குடியிருப்பு நிலை மாறியதும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டியது தனிக் கடமை. மாற்றும்போது ஜெர்மன் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துகொள்ள முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன.

வாட்ஸ்அப்பை எந்த எண்ணில் வைப்பது?

இந்திய எண்ணிலேயே. பெரியம்மா முதல் பள்ளித் தோழர் வரை எல்லார் போனிலும் இருப்பது அதுதான். ஆனால் எண்ணைக் காலாவதியாக விட்டால் அது வேறொருவருக்குப் போய்ச் சேரும், அவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் திறந்தால் உங்கள் கணக்கு வெளியேறிவிடும்.

பக்கத்து நாடுகளுக்குப் போனால் ஜெர்மன் சிம் ஓடுமா?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஓடும். 2017 ஜூன் 15 முதல் இருக்கும் ஏற்பாடு இது, 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்து இதில் இல்லை! கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் நின்று படம் எடுக்கும்போதே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லைப் பக்கம் போகும்போது ரோமிங்கை அணைத்துவிடுங்கள். பிரிட்டனும் இப்போது ஒன்றியத்தில் இல்லை, உங்கள் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பாரிஸில் இருந்துகொண்டு பேசுவது ரோமிங், ஜெர்மனியில் இருந்துகொண்டு பாரிஸ் எண்ணை அழைப்பது வெளிநாட்டு அழைப்பு, அதற்குத் தனிக் கட்டணம்.

அவசர உதவிக்கு?

தீயணைப்பு, ஆம்புலன்ஸ் 112. காவல்துறை 110. சிம் இல்லாத போனிலிருந்து 112ஐ அழைக்கும் வசதி ஜெர்மனியில் 2009 ஜூலையிலேயே நிறுத்தப்பட்டது. விளையாட்டு அழைப்புகள் பெருகியதால் வந்த முடிவு. இருப்பில் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிருள்ள சிம் ஒன்று போனில் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ரயிலிலும் சிக்னல் போய்விடுகிறதே?

பழைய கட்டடங்களின் சுவர் தடிமன். போனில் வைஃபை அழைப்பை இயக்குங்கள், உங்கள் திட்டம் அதைத் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரைவு ரயில்களில் வெயிலைத் தடுக்க ஜன்னல் கண்ணாடிக்குப் பூசிய உலோகப் படலம் அலைகளையும் தடுக்கிறது. நடுவே வயல்வெளிகளில் கோபுரமும் இருக்காது. நேர்காணல் அழைப்பை ரயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டோரண்டில் படம் பார்க்கலாமா?

கூடாது. பதிவிறக்கும்போதே பதிவேற்றமும் நடப்பதால் படத்தின் உரிமை வைத்திருப்பவரின் வழக்கறிஞர் இணைப்புக்கு உரியவரைக் கண்டுபிடித்துப் பல நூறு யூரோ கேட்டுக் கடிதம் அனுப்புவார். உங்கள் பெயரில் உள்ள வைஃபையில் அறைத் தோழர் செய்தாலும் கடிதம் வரும் இடம் நீங்கள்தான்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஜெர்மன் சிம்மை என்ன செய்வது?

டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுச் சிம்மை உள்ளேயே விடுங்கள், வங்கிச் செய்தி வந்தால் உதவும். விமானம் ஏறும் முன் ##002# என்று அழைத்து எல்லா அழைப்புத் திருப்பல்களையும் நீக்கிவிடுங்கள். ஜெர்மன் எண்களில், எடுக்காத அழைப்புக்குச் செய்தி பதிந்துவைக்கும் குரல் பெட்டி தானாகவே இயங்கும். நீங்கள் இந்தியாவில் எடுக்காத அழைப்பு அங்கிருந்து திரும்பிக் குரல் பெட்டிக்குப் போக, இரு வழிக்கும் உங்களிடம் வசூலிக்கும் நிறுவனங்கள் உண்டு. ப்ரீபெய்ட் என்றால் இருப்பில் உள்ளது மட்டுமே போகும்.

ஜெர்மனியை விட்டே போகிறேன். எண்ணை எப்படி முடிப்பது?

ஒப்பந்தம் இருந்தால் முதல் காலம் முடியும் தேதியைப் பார்த்து உடனே ரத்து அனுப்புங்கள். வீட்டு இணையத்துக்கு, புதிய முகவரியில் அந்தச் சேவை இல்லை என்றால் ஒரு மாத அறிவிப்பில் விலகச் சட்டம் வழி தருகிறது. நகராட்சியில் பதிவு நீக்கிய சான்றை இணைக்க வேண்டும். செல்பேசி ஒப்பந்தத்துக்கு அதே சலுகை கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். எண்ணைச் சில காலம் வைத்திருக்க விரும்பினால் மலிவான ப்ரீபெய்டுக்கு மாற்றிவிடலாம், மாற்றத்துக்குக் கட்டணம் கிடையாது. வாடகை வைப்புத்தொகையை வீட்டு உரிமையாளர் திருப்பித் தர மாதங்கள் ஆகும், கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவதும் அப்படித்தான். அதுவரை வங்கிச் செயலி கேட்கும் எண் உயிரோடு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், செல்பேசி நிறுவனத்தின் இறுதிக் கட்டணம் எடுக்கப்பட்ட பிறகு.